முறையீடும் பதிவேடும்: 1855ஆம் ஆண்டுச் சென்னைச் சித்திரவதை விசாரணை நமக்குக் கற்பிப்பது

முன்னுரை

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள வாலிகண்டபுரம் வரலாற்று மாணவர்க்கு அறிமுகமான ஊராகும். அங்குள்ள சிவாலயத்தின் கல்வெட்டுகள் சோழர் காலத்தை நினைப்பூட்டுகின்றன. அண்மையிலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டை கருநாடக நவாபுகளின் காலத்தை நினைப்பூட்டுகிறது. 1751ஆம் ஆண்டில் சந்தா சாகிபின் பக்கம் நின்ற படையும் முகமது அலியின் பக்கம் நின்ற ஆங்கிலேயப் படையும் இவ்வட்டாரத்தில் மோதின, ஆங்கிலேயர் பின்வாங்கினர். எனினும் ஐம்பது ஆண்டுகளுக்குள், 1801ஆம் ஆண்டில், கருநாடகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது.

மன்னர்களையும் படைகளையும் பற்றி நமக்குக் கல்லும் ஏடும் உண்டு. ஆனால் இந்நிலத்தை உழுத குடியானவன் வரி கொடுக்க இயலாத நாளில் அவனுக்கு நேர்ந்தது என்ன? களவுக் குற்றம் சாட்டப்பட்ட எளியவன் ஒப்புதல் சொல்லும்படி எவ்வாறு நடத்தப்பட்டான்? இவற்றைக் கோயிற் கல்வெட்டுகள் சொல்லமாட்டா. சொல்லும் ஆவணம் ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் நடந்ததாகக் கூறப்பட்ட சித்திரவதைகளை ஆராய்ந்த ஆணையாளர்கள் 1855ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அளித்த அறிக்கையே அது. அதிகாரிகளின் வன்முறையை மக்களே எடுத்துரைத்து, அது எழுத்தில் பதிவாகி, சட்டத்தையே மாற்றிய நிகழ்ச்சி நம் நாட்டில் இதற்குமுன் இத்துணைப் பெரிய அளவில் நடந்ததாகத் தெரியவில்லை. அதன் வரலாற்றையும், அது நிறைவேற்றியதையும் நிறைவேற்றத் தவறியதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒரே கையில் இரு அதிகாரங்கள்

தாமஸ் மன்றோவின் ஆலோசனையின்படி 1816ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் புதிய ஒழுங்குமுறைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் பதினோராம் ஒழுங்குமுறை, காவல் நிருவாகத்தை வருவாய்த் துறையோடு இணைத்தது. கலெக்டரே மாவட்ட மாஜிஸ்திரேட் ஆனார். தாசில்தார் தம் தாலுகாவில் வரி வசூலுக்கும் காவலுக்கும் ஒருங்கே தலைவரானார். கிராமத்தில் முன்சீப்பும் தலையாரியும் அவருக்குக் கீழே இருந்து பணிபுரிந்தனர். பழைய கிராம அமைப்பைப் பேணுவதும் செலவைக் குறைப்பதும் இதன் நோக்கங்களாகும்.

விளைவு வேறாயிற்று. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவனும் அரசுக்கு நேராகத் தீர்வை செலுத்த வேண்டும். தீர்வையோ மிகையானது. மழை பொய்த்தாலும் விலை வீழ்ந்தாலும் தவணை தவறலாகாது. தீர்வையை வசூலிக்கும் பொறுப்புடைய அதே மனிதரிடம் ஆளைப் பிடிக்கவும் அடைக்கவும் அதிகாரம் இருந்தது. வரி பாக்கிக்காக அடிபட்டவன் முறையிட வேண்டிய முதல் இடமும் அவரே. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த வாலிகண்டபுரம் வட்டாரத்தாரும், நெல்லூர்க் குடிகளும், கோயம்புத்தூர்க் குடிகளும் இவ்வொரே அமைப்பின் கீழேயே வாழ்ந்தனர்.

2. கிட்டியும் அண்ணாந்தாளும்

ஆணையாளர்களின் அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஒன்று கிட்டி, மற்றொன்று அண்ணாந்தாள். கிட்டி என்பது ஒரு முனையில் பிணைக்கப்பட்ட இரு கோல்கள். அவற்றினிடையே விரல்களை வைத்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் நெருக்குவர். அண்ணாந்தாள் என்பது மனிதனைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றாலோ அவனது துணியாலோ பிணைத்து, அந்நிலையிலேயே நெடுநேரம் நிறுத்துவதாகும். முதுகின்மேல் கல் ஏற்றுவதும் உண்டு. கடும் வெயிலில் நிறுத்துதல், உணவும் நீரும் மறுத்தல், கண்ணில் மிளகாய் இடுதல் ஆகியவையும் அறிக்கையில் கூறப்பட்டுள்ளன.

இச்சொற்களைக் கருவிகளின் பெயர்ப்பட்டியலாக மட்டும் எண்ணிவிடலாகாது. ஒரு கொடுமைக்கு மக்களிடையே நிலையான பெயர் வழங்குமாயின் அது எப்போதோ ஒருமுறை நிகழ்ந்ததன்று என்பது வெளிப்படை. இவை நம் அகராதிகளிலும் இடம்பெற்றுள்ளன. எல்லாரும் அறிந்த ஒன்றை எவரும் எழுத்தில் வைக்காதிருந்தனர் என்பதே அந்நாளின் நிலைமை.

3. செய்தியைக் கடல் கடத்தியவர்கள்

அம்மௌனத்தைக் கலைத்தவர்களுள் முதன்மையானவர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார். சென்னை வணிகரான இவர் 1844ஆம் ஆண்டில் 'கிரெசென்ட்' என்னும் ஆங்கில ஏட்டை நிறுவினார். 1852ஆம் ஆண்டில் சென்னைச் சுதேசிகள் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் மாகாண மக்களின் குறைகளைத் தொகுத்து இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பியது. 1853ஆம் ஆண்டில் நாடாளுமன்ற உறுப்பினரான டான்பி சீமோர் சென்னைக்கு வந்தபோது, லட்சுமிநரசு அவரை உள்நாட்டுப் பகுதிகளுக்கு அழைத்துச் சென்று குடிகளின் நிலையை நேரிற் காணச் செய்தார்.

இங்கே நம் வாசகர்கள் ஒன்றை மறைக்காது நினைவுகூர வேண்டும். லட்சுமிநரசு நம் முன்னோராகிய மிஷனெரிமாரின் நண்பர் அல்லர். மதமாற்ற முயற்சிகளை அவர் வன்மையாய் எதிர்த்தார். அரசுக் கல்விக்கூடங்களில் திருமறையைப் பாடநூலாக்கும் எண்ணத்தை எதிர்த்துப் பொதுக்கூட்டம் கூட்டினார். நம் சபை வரலாறுகள் அவரை எதிராளி என்றே குறிப்பிடும். ஆயினும் அடிபட்டவனுடைய கூக்குரலை உலகம் கேட்கச் செய்த பெருமை இவ்வகையில் அவரையே சாரும்.

1854ஆம் ஆண்டு ஜூலை மாதம் காமன்ஸ் சபையில் சென்னை நிலவரி முறையைப் பற்றி விவாதம் எழுந்தபோது, சீமோர் தாம் கேட்டறிந்ததை எடுத்துரைத்தார். கம்பெனியைச் சார்ந்தோர் அதனை நம்ப மறுத்தனர். எனினும் கேள்வி பகிரங்கமாக எழுந்துவிட்டது. அதே ஆண்டில் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் அரசு மூவரை ஆணையாளர்களாக நியமித்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகியோரே அம்மூவர். இவர்களுள் நார்ட்டன் வழக்கறிஞர். தென்னிந்திய நீதி நிருவாகத்தின் குறைகளைக் கடிந்து 1853ஆம் ஆண்டிலேயே நூல் வெளியிட்டவர்.

4. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது முறையீடுகள்

விசாரணையைப் பற்றிய அறிவிப்பு மாகாணத்து மொழிகளில் வெளியாயிற்று. காலமோ குறுகியது. அமர்ந்த இடம் சென்னை. புகைவண்டி இன்னும் ஓடத் தொடங்காத நாள்கள் அவை. இத்தனை தடைகளுக்கிடையிலும் வந்து சேர்ந்த முறையீடுகள் 1,959. அவற்றுள் 519 பேர் நேரில் வந்தனர். 1,440 பேர் கடிதம் வாயிலாக முறையிட்டனர். நேரில் வந்தோருட் பலர் நூற்றுக்கணக்கான மைல்களைக் கடந்து வந்தவர்கள்.

இவ்வெண்களைச் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பது நலம். அடித்தவர் இன்னும் அதே பதவியில் இருக்கிறார். முறையிட்டவன் திரும்பிச் செல்ல வேண்டியது அதே கிராமத்துக்கு. ஆணையாளர்களிடம் நட்டஈடு வழங்கும் அதிகாரமோ தண்டிக்கும் அதிகாரமோ இல்லை. வழிச்செலவை ஈடுசெய்யும் ஏற்பாடும் இல்லை. இருந்தும் 519 மனிதர் தம் உடலையே சான்றாகக் கொண்டு வந்து நின்றனர். எழுதத் தெரியாதவர் எழுத்தறிந்தவரைக் கொண்டு எழுதுவித்தனர். தம் பெயரும், ஊரும், நாளும், அடித்தவனின் பெயரும் எங்கேனும் ஒரு தாளில் இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினர். நீதி கிடைக்குமுன்னரே, நடந்தது நடந்ததாகவே எழுதப்படுவதில் மனிதனுக்கு ஓர் ஆறுதல் உண்டு என்பதை இது காட்டுகிறது.

ஆணையாளர்கள் அதிகாரிகளிடமும், மிஷனெரிமாரிடமும், பிற ஐரோப்பியரிடமும் கருத்துக் கேட்டனர். அவர்களுட் பலர், வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் உடல்வதை வழக்கமாயிருந்ததை ஒப்புக்கொண்டனர். கேட்கப்பட்டபோது நம் முன்னோர் உண்மையைச் சொன்னார்கள் என்பதற்காக மகிழலாம். கேட்கப்படுமுன் ஏன் சொல்லவில்லை என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. அதே காலத்தில் கல்கத்தா மிஷனெரி மாநாட்டினர் வங்காளக் குடிகளின் துன்பத்தையும் காவலரின் கொடுமையையும் குறித்து நாடாளுமன்றத்துக்குத் தாமே முன்வந்து விண்ணப்பித்தனர். அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் லாங், அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைச் சித்திரித்த வங்காள நாடகமொன்றின் மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காக 1861ஆம் ஆண்டில் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் பெற்றார். ஆகவே அவ்வழி அந்நாளிலும் அறியப்படாததன்று.

5. அறிக்கை சொன்னதும் சொல்லத் தயங்கியதும்

அறிக்கை தெளிவாக மூன்றைச் சொன்னது. முதலாவது, சித்திரவதை உண்மை. அது மாகாணமெங்கும் வழங்குகிறது. இரண்டாவது, அது வரி வசூலுக்கும் ஒப்புதல் பெறுவதற்கும் ஒருங்கே கையாளப்படுகிறது. மூன்றாவது, பாதிக்கப்பட்டவன் நீதி பெறுவது மிகவும் அரிது. தூரத்திலிருக்கும் கலெக்டரிடம் மனுக்கொடுத்தால், அம்மனு விசாரணைக்காகத் தாசில்தாரின் கச்சேரிக்கே திரும்பி வரும். குற்றஞ்சாட்டப்பட்டவர் கையிலேயே முறையீடும் வந்து சேர்ந்தது. இம்மூன்றாவது கருத்தே அறிக்கையின் மிகக் கூரிய பகுதி எனலாம்.

அதே அறிக்கை மற்றொரு முடிவையும் கூறியது. ஐரோப்பிய அதிகாரிகள் இக்கொடுமைக்கு உடந்தையானவர் அல்லர்; இது சுதேசிக் கீழ்ப்பணியாளரின் செயல் என்பதே அம்முடிவு. மிகையான தீர்வையை விதித்தவர் யார், தவணை தவறாமல் தொகை வர வேண்டுமென்று நெருக்கியவர் யார் என்னும் வினாக்கள் உரிய இடத்தைப் பெறவில்லை. கார்ல் மார்க்ஸ் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் இவ்விசாரணையைப் பற்றி எழுதினார். இந்தியக் கிளர்ச்சியாளரின் கொடுமைகளை மட்டும் ஆங்கில ஏடுகள் பேசிவந்த வேளையில், ஆட்சியாளரின் அறிக்கையையே ஆதாரமாகக் காட்டி அவர் மறுமொழி கூறினார். மார்க்ஸின் தத்துவத்தோடு நாம் உடன்படாதிருக்கலாம். ஆயினும் குடியானவனின் முறையீடு ஏட்டில் ஏறியதால் எத்துணைத் தொலைவு சென்றது என்பதற்கு இது சான்றாகும்.

அடித்த கை மட்டும் பெயர் பெற்று, அடிக்கச் செய்த அமைப்பு பெயரின்றித் தப்புவது விசாரணைகள் பலவற்றின் இயல்பு. 1855ஆம் ஆண்டிலேயே அதனைக் காண்கிறோம்.

6. சட்டமாக மாறிய சாட்சி

இருந்தபோதிலும் அறிக்கை வீண்போகவில்லை. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணக் காவல்துறையை வருவாய்த் துறையினின்று பிரித்துத் தனித் துறையாக்கியது. 1861ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்குமான காவல் சட்டம் பிறந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், ஒப்புதல் பெறுவதற்காகத் துன்புறுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. அதன் 330ஆம் பிரிவில் தரப்பட்ட உதாரணங்களுள் ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி வதைக்கும் காவல் அதிகாரி. மற்றொன்று, வரி பாக்கியைக் கட்டும்படி வதைக்கும் வருவாய் அதிகாரி. சென்னைக் குடிகளின் முறையீடுகளை அறிந்தவர்க்கு இவ்வரிகள் புதியனவாகத் தோன்றா.

காவல் அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்னும் விதி 1861ஆம் ஆண்டின் குற்ற விசாரணைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25, 26ஆம் பிரிவுகளாக நிலைத்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களிலும் இவ்விதி தொடர்கிறது. கிட்டியால் பெற்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் விலையில்லை என்பதே இதன் உட்பொருள். ஆனால் அடுத்து வரும் 27ஆம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்தே வைத்தது. வாக்குமூலத்தால் பொருளொன்று கண்டுபிடிக்கப்பட்டால், அதனோடு தொடர்புடைய பகுதி சான்றாகலாம். அவ்வாயில் வழியாகவே அடியும் உதையும் மீண்டும் உள்ளே நுழைந்தன எனச் சட்ட அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர். மேலும், வருவாய்த் துறையினின்று விடுபட்ட காவல்துறை மக்களுக்குப் பொறுப்புடையதாக ஆக்கப்படவில்லை. முறையீட்டைப் பெறும் இடம் மட்டும் தாசில்தார் கச்சேரியிலிருந்து காவல் நிலையத்துக்கு மாறிற்று.

7. நம் காலத்துச் சான்றுகள்

விடுதலைக்குப் பின்னும் இவ்வரலாறு முடியவில்லை. நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1993ஆம் ஆண்டில் விருத்தாசலத்தை அடுத்த முதனை என்னும் ஊரில், குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளி ஒருவர் திருட்டு வழக்கின்பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் தப்பியோடிவிட்டார் என்றனர் காவலர். அவர் மனைவி அதனை ஏற்கவில்லை. ஆட்கொணர்வு மனுவுடன் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். வழக்கறிஞர் கே. சந்துரு அவருக்காக நின்றார். இதற்கிடையில் இன்று அரியலூர் மாவட்டத்திலுள்ள மீன்சுருட்டிக் காவல் எல்லையில் அடையாளம் தெரியாத ஓர் ஆணின் உடல் கிடைத்திருந்தது. ஒரு நிலையம் மறைத்ததை மற்றொரு நிலையத்தின் பதிவும் புகைப்படமும் வெளிப்படுத்தின. 2006ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பில் காவலரின் குற்றம் நிலைபெற்றது. 2021ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் இக்கதை பரவியதை வாசகர்கள் அறிவர்.

1992ஆம் ஆண்டு ஜூன் மாதம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றும் கூடி மலைவாழ் மக்கள்மீது நடத்திய கொடுமை, 1855ஆம் ஆண்டு அறிக்கையையே நினைவூட்டுகிறது. பெண்கள் பதினெண்மர் வன்புணர்வுக்கு ஆளாயினர். மலைவாழ் மக்கள் சங்கத்தாரும், பொதுவுடைமைக் கட்சித் தலைவர் நல்லசிவனும், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதியும் நேரிற்சென்று கேட்டு எழுதியவையே வழக்கின் அடித்தளமாயின. 2011ஆம் ஆண்டில் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் 54 பேர் அதற்குமுன் இறந்துவிட்டனர். 2023ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. முப்பத்தோர் ஆண்டுகள் அம்மக்கள் தம் வாக்குமூலத்தை மாற்றவில்லை.

ஒரு தனி மனிதரின் கடிதமும் சட்டமாகலாம். வங்காளத்துச் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவரான டி. கே. பாசு, காவலில் நேர்ந்த மரணங்களைப் பற்றிய செய்தித்தாள் நறுக்குகளை இணைத்து 1986ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1996ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பதினொரு கட்டளைகள் பிறந்தன. கைது செய்தவுடன் நாளும் நேரமும் குறித்த குறிப்பாணை எழுதப்பட வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ அவ்வட்டாரத்து மதிப்பிற்குரிய ஒருவரோ அதில் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். கைதைப் பற்றி உறவினர் ஒருவருக்கேனும் தெரிவிக்க வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இக்கட்டளைகள் பெரும்பாலும் எழுதுவதைப் பற்றியவை என்பது கவனிக்கத்தக்கது. அடிப்பவனுக்கு இருள் வேண்டும். நாளும் நேரமும் கையொப்பமும் அவ்விருளைக் குறைக்கின்றன.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் வணிகர்களான தந்தையும் மகனும் காவலில் வதைக்கப்பட்டு இறந்தபோது, நிலையத்துக் கண்காணிப்புக் கருவியின் பதிவுகள் நாள்தோறும் அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததை விசாரித்த நீதித்துறை நடுவர் கண்டார். இயந்திரத்தின் நினைவு அழிந்தது. ஆனால் அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதை அச்சத்தோடு எடுத்துரைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கருவிகள் அமைக்கவும் பதிவுகளை நெடுநாள் பாதுகாக்கவும் ஆணையிட்டது. 2025ஆம் ஆண்டு ஜூனில் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் கோயிற் காவலாளி ஒருவர் விசாரணையின்போது தாக்கப்பட்டு இறந்தார். அத்தாக்குதலை மறைவிலிருந்து கைபேசியில் பதிவுசெய்த ஒருவரின் காட்சி, மறுப்புக்கு இடமில்லாமற் செய்தது.

8. திருச்சபையின் பொறுப்பு

இவ்வரலாற்றால் நாம் அறிவது ஒன்று உண்டு. அதிகாரத்தின் வன்முறை குறைந்த இடங்களிலெல்லாம், பாதிக்கப்பட்டவரின் சொல் முதலில் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டது குற்றஞ்சாட்டப்பட்டவரின் கைக்கு எட்டாத இடத்தில் காக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் முறையீடு மறைந்துபோகும். மதுரையில் 1995ஆம் ஆண்டு முதல் இயங்கும் மக்கள் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகள் இப்பணியைச் செய்துவருகின்றன. ஆனால் அவை ஒவ்வொரு சிற்றூரிலும் இல்லை. ஆயர் இருக்கிறார்.

ஆயரின் அலமாரியில் திருமுழுக்குப் பதிவேடும், திருமணப் பதிவேடும், அடக்கப் பதிவேடும் உண்டு. பெயர், நாள், இடம், சாட்சிகள் என எழுதும் பயிற்சி அவருக்குப் புதிதன்று. நள்ளிரவில் பிடித்துச் செல்லப்பட்டவரின் வீட்டார், எந்த மதத்தவராயினும், கதவைத் தட்டும்போது அவர் செய்யக்கூடியவை எளியவை. எந்நேரம், எவ்வூர்தி, எந்நிலையம், எவர் கண்டார் என்பவற்றை அன்றே எழுதி வைக்கலாம். நிலையத்துக்கு உடன் சென்று, கைதுக் குறிப்பாணையைக் கேட்டு, அதில் வட்டாரத்து மதிப்பிற்குரியவராகத் தாமே கையொப்பமிட முன்வரலாம். காயமுற்றவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று குறிப்பு வாங்கலாம். மிகைப்படுத்தாமலும் குறைக்காமலும் எழுதுவது முதன்மையானது. ஒரு பொய், மெய்யான முறையீடுகள் பலவற்றைக் கெடுத்துவிடும். நேர்மையுடன் பணிபுரியும் காவலர்க்கும் இத்தகைய பதிவு பாதுகாப்பேயாகும்.

அப்போஸ்தலர் நடபடிகளை எழுதியவர் பிலிப்பி நகரத்து நிகழ்ச்சியை எவ்வாறு பதிவுசெய்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். விசாரணையின்றி வெளியரங்கமாய் அடிக்கப்பட்ட பவுலும் சீலாவும் மறுநாள் இரகசியமாய் விடுவிக்கப்பட மறுக்கின்றனர். அதிகாரிகளே நேரில் வர வேண்டுமென்கின்றனர். பவுல் பழிவாங்க விழையவில்லை. நடந்த அநியாயம் நடக்காததுபோல் மூடப்படுவதையே அவர் ஏற்க மறுத்தார். சாட்சி என்னும் சொல் நம் சபைகளில் பெரும்பாலும் அனுபவ சாட்சியாகச் சுருங்கிவிட்டது. பிறர்மீது விழுந்த அடியைக் கண்டவன் சொல்லும் சாட்சியும் அதே சொல்லாலேயே குறிக்கப்படுகிறது.

முடிவுரை

சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 1997ஆம் ஆண்டு அக்டோபரில் கையொப்பமிட்டது. ஏற்புறுதி இன்னும் அளிக்கப்படவில்லை. அதற்காகக் கோருவது குடிமக்களின் கடமை. அதுவரை காத்திருக்க வேண்டாத கடமையும் உண்டு. 1854ஆம் ஆண்டில் வந்த 1,440 கடிதங்களுட் பல, எழுத்தறியாதவர்க்காக வேறொருவர் எழுதியவையாகவே இருந்திருக்க வேண்டும். அவ்வெழுதுவோரின் பெயர்களை நாம் அறியோம். அவர்கள் எழுதியிராவிட்டால் 330ஆம் பிரிவின் உதாரணங்கள் அவ்வாறு அமைந்திருக்குமா என்பது ஐயமே. நம் சபைகளிலிருந்து வெளிச்செல்லும் ஆயர்கள் அவர்களுடைய வரிசையில் நிற்பார்களாக.